1174 இன்னும் வெளியே வரவில்லை

2012-ஆம் வருஷம் மார்ச் 6-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நான் சுரங்கத்துக்குள் போனேன். இன்னும் வெளியே வரவில்லை. இதை நான் சொல்லவில்லை, டைம் ஆபீஸ் பதிவேடு சொல்கிறது. இப்போது வருஷம் 2017. பிளாக் இருபத்தொன்றில் என் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து கொத்தமல்லிச் சட்னியோடு மூன்றாவது தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் பதிவேட்டுக்குத் தோசையெல்லாம் தெரியாது.

என் பெயர் சிவக்குமார். கன்வேயர் பிரிவில் டெக்னீஷியன், பெர்மனன்ட். அப்பா நல்லசாமி கரூர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு குடையைக்கூடத் தொலைக்காமல் ரிட்டயர் ஆனார். அவருக்குப் பிறந்தவன் நான் என்பதை டவுன்ஷிப்பில் பல பேர் நம்பவில்லை. அவரே சில சமயம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

நான் தொலைத்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் வாசல் கதவின் உள்பக்கம் என் மனைவி பார்வதி ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாள். ஹெல்மெட், கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, சாவி, போன். அதற்குக் கீழே, வேறு நிற மையில், ஹரிணி. ஹரிணி எங்கள் பெண். ஒரு மழை நாளில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போன நான், வழியில் மெயின் பஜாரில் ஒரு கடைக்காரர் ஃபேன் பழுதுபார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், ஃபேனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். வாட்ச்மேன் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த குழந்தை என்னிடம் கோபப்படவில்லை. "அப்பா, எனக்கும் ஸ்கூல் பேக் மறந்துபோகும்ப்பா" என்று ஆறுதல் சொன்னாள். அன்றைக்குப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைப் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கும். வருகிறவர்களும் படிப்பார்கள்.

இனி டோக்கன் விஷயம். எங்கள் சுரங்கத்தின் வாசலில் டைம் ஆபீஸ். அதன் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய மரப்பலகை, பலகை நிறையக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகும்போது நம்முடைய நம்பர் டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தக் கொக்கி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். விரல் வைக்கும் மெஷின் வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. மெஷின் பொய் சொல்லலாம், பித்தளை பொய் சொல்லாது என்பது டைம் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் துரைராஜ் அடிக்கடி சொல்வது. என்னுடைய நம்பர் 1174.

ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து வாங்குபவர் கார்முகில். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். அப்போது பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். ஆயிரத்து எண்ணூறு நம்பரும் முகத்தோடு அவருக்கு மனப்பாடம். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை நீட்டிவிடுவார், நான் மறப்பேன் என்று தெரியும் என்பதால். "சார், பையில கைய வுடுங்க" என்பார். நான் விடுவேன். டோக்கன் வரும். இப்படிப் பல வருஷம் நான் தினமும் ஒழுங்காகச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது அவருடைய கையால்தான். அந்தப் பலகையில் அவருக்குக் கொக்கி கிடையாது. கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்கள் மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டில் இருக்கும்.

மார்ச் முதல் வாரம் எங்களுக்குக் கவன வாரம். முந்தின டிசம்பரில் அடித்த புயலில் டவுன்ஷிப்பின் மரங்களெல்லாம் விழுந்துகிடந்ததால், அந்த வருஷம் பேனர் கட்ட மரம் கிடைக்காமல் கம்பம் நட்டுக் கட்டினார்கள். 'கவனமே கவசம்' என்று எழுதியிருந்தது. 6-ஆம் தேதி மதியம் பாதுகாப்புத் துறைத் துணைப் பொதுமேலாளர் சண்முகசுந்தரம் டைம் ஆபீஸ் மாடியில் கவனத்தைப் பற்றி உரையாற்றினார். உரை நீண்டதால் அதிகாரிகளுக்குத் தொண்டை வறண்டது. ஒன்று ஐம்பதுக்குத் துரைராஜ், ஜன்னலில் இருந்த கார்முகிலைக் கூப்பிட்டு கேன்டீனுக்குப் போய் பதினான்கு டீயும் போண்டாவும் வாங்கிவரச் சொன்னார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து நான் வெளியே வந்தேன்.

என் மண்டைக்குள் அப்போது ஒரு ரோலர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கான ரோலர்கள் உருளும். அதில் எந்த ஒன்று இன்னும் நாலு நாளில் ஜாம் ஆகும் என்று சத்தத்தை வைத்தே என்னால் சொல்ல முடியும். அதைச் சொல்ல மட்டும் எனக்குக் கவனம் எங்கிருந்தோ வந்துவிடும். அன்றைக்கு அப்படி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னலைத் தாண்டினேன். மற்றவர்கள் ஆளில்லாத ஜன்னல் விளிம்பில் டோக்கனை வைத்துவிட்டுப் போனார்கள். கை நீட்ட ஆளில்லாததால் நான் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி பக்கெட்டில் போட்டேன். டப்பா எங்கே என்று பார்வதி கேட்டாள். சுரங்கத்தில் இரண்டாவது பெஞ்சில், அதாவது படி படியாக வெட்டி இறக்கியிருக்கும் தளங்களில் இரண்டாவதில், விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அந்த வருஷத்தில் அது நாலாவது டப்பா. அவள் கதவுப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு, டப்பாவை எடுத்துவர வண்டியை எடுத்தேன்.

சுரங்க வாசலில் சைரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் நின்றது. யாரோ ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார், ஷிப்ட் முடிந்து அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை என்றார்கள். அவசரத்துக்குக் கேட் திறந்திருந்தது, வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டார்கள். பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த மீட்புக் குழுக்காரர் ஒருவர் என் கையில் பச்சைக் கொடியைக் கொடுத்து இரண்டாவது பெஞ்சின் கிழக்கு ஓரத்தில் நிற்கச் சொன்னார். மைக்கில் நம்பரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கேயோ கேட்ட நம்பராகத் தோன்றியது. தெரிந்த ஆளாக இருந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன். பிறகு வாயில் கையைக் குவித்து நானும் கத்தினேன். ஆயிரத்து நூற்று எழுபத்து நாலு, ஆயிரத்து நூற்று எழுபத்து நாலு என்று ஒன்றே முக்கால் மணி நேரம் என்னை நானே கூப்பிட்டேன். என் அளவுக்குச் சத்தமாக யாரும் கூப்பிடவில்லை என்று பிறகு விசாரணையில் பதிவானது.

பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு பேர் மார்பளவு சேற்றில் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மேலே ஏறும்போது சறுக்கி முழங்கால் கிழிந்து ரத்தம் வடிய வந்தார். நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். முகத்துச் சேற்றை வழித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கார்முகில்.

"சார், நீங்க இங்கயா நின்னுக்கினு இருக்கீங்க? உங்களத்தான் சார் தேடிக்கினு இருக்கோம்."

அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கொடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கார்முகில் அழுதுகொண்டே சிரித்தார். நான் செத்துப்போகவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஏற்கெனவே நூற்றைம்பது அடி கீழேதான் நின்றுகொண்டிருந்தேன், அது போதவில்லை.

என்னைத் துரைராஜ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"டோக்கன் எங்க?"

"வீட்ல, பழைய சட்டையில இருக்கு சார்."

"அப்ப நீங்க இன்னும் வெளிய வரல."

எதிரே நிற்கிறேனே என்றேன். நிற்பது வேறு, வெளியே வருவது வேறு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் கண்ணால் பார்ப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுத முடியாது. டோக்கன் கொக்கியில் ஏற வேண்டும். வீட்டுக்கு ஓடினேன். பக்கெட்டில் சட்டை இருந்தது, பையில் டோக்கன் இல்லை. பார்வதியும் நானும் வாஷிங் மெஷினைக் கழற்றினோம். ஹரிணியைக் கேட்டோம், தெரியாது என்றாள். அன்றிரவு பதிவேட்டில் '1174 – உள்ளே' என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனால் இன்னொரு சிக்கல். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் மறுபடி உள்ளே போக விதி இல்லை. மூன்று நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு எனக்கு 'தற்காலிகம் – 1' என்று பொறித்த ஒரு தகர டோக்கன் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பதிவேட்டுப்படி சுரங்கத்தில் இரண்டு சிவக்குமார்கள். தற்காலிகச் சிவக்குமார் தினமும் போய் வருகிறவர். நிரந்தரச் சிவக்குமார் உள்ளேயே இருக்கிறவர். நிரந்தரமானவரைப் பார்க்கும்போது வரச்சொல் என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சின்ன வயதிலிருந்து பழகிய சிரிப்பு அது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் சண்முகசுந்தரம், செயலாளர் துரைராஜ். முதல் அமர்வுக்குச் சண்முகசுந்தரம் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தார். பின்னால் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் அவர் மூக்குக்கண்ணாடி, ஒருவர் கையில் செல்போனும் பேனாவும், ஒருவர் கையில் ஃபைல். எல்லாரும் எழுந்து கையை முன்னால் நீட்டிக் கவன உறுதிமொழி எடுத்தோம். அவர் வாசித்த தாள் போன வருஷத்துத் தாள் என்று பாதியில் தெரிந்தது. சரியான தாளைத் தேடி எடுத்ததும் முதலிலிருந்து எடுத்தோம்.

"கவனம்ங்கிறது ஒரு பழக்கம், மிஸ்டர் சிவராமன்," என்று தொடங்கினார்.

"சிவக்குமார் சார்."

"அதேதான். முப்பத்தியொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூட டோக்கனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல."

அதிகாரிகளுக்கு டோக்கன் கிடையாது. யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் பேசும்போது மூன்று தடவை போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் பேசி முடித்துவிட்டு, எங்கே விட்டேன் என்று கேட்டார். ஃபைல் வைத்திருந்தவர் எடுத்துக் கொடுத்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்காக ஞாபகம் வைத்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். எனக்குப் பார்வதி ஒருத்திதான்.

இதற்கிடையில் ஹரிணியின் வகுப்பு டீச்சர், குழந்தை ஒரு இடத்தில் உட்காருவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா அவளை வைத்து விளையாட்டுக் காட்டிவிட்டு, இது கவனக்குறைபாடு, ஏ.டி.ஹெச்.டி. என்பார்கள், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். பார்வதி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் அப்போது அவர் மேஜை ஃபேனில் வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எனக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். முப்பத்தெட்டு வயதில் என் முழுப் பெயரோடு ஒரு சான்றிதழ் வந்தது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, அப்பா பேசாமல் இருந்த நாட்கள், தொலைத்த டப்பாக்கள், வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருந்த குழந்தை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கம். பஸ்ஸில் வரும்போது அழுதேன். வடலூரில் இறங்க வேண்டியவர் இறங்கிவிட்டாரா என்று கண்டக்டர் கத்தினார். இறங்க வேண்டியவர்கள் நாங்கள்தான். மாத்திரையும் கொடுத்திருந்தார் டாக்டர். கதவுப் பட்டியலில் ஹரிணிக்குக் கீழே மாத்திரை என்று ஒரு வரி சேர்ந்தது. சான்றிதழைப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தோம். பிளாக்கில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள் பார்வதி. எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது அமர்வில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. பெர்மனன்ட் ஆளைத் தண்டிக்க ஏழு கட்டம் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒரே கட்டம், நாளைக்கு வர வேண்டாம் என்பது. பெல்ட் இரண்டு மணி நேரம் நின்றதற்கு யாராவது ஒருவர் போக வேண்டும். டோக்கனை வாங்காமல் விட்டது ஜன்னலில் இருந்தவரின் கவனக்குறைவு என்று துரைராஜ் குறிப்பு எழுதியிருந்தார். டீ வாங்க அனுப்பியது குறிப்பில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்முகில் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் டோக்கன் தேட வந்திருந்தார். முழங்காலில் தையல் காயம் இன்னும் ஆறவில்லை. கட்டிலை நகர்த்தினார், கொய்யா மரத்தடியில் மண்ணைக் கிளறினார், சாக்கடை மூடியைத் திறந்து கையை விட்டார். ஹரிணி அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிட்டா எல்லாம் சரியாப் பூடும் சார்," என்றார். "வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க, வேல இருக்கா இல்லியான்னு. பொண்ணு பத்தாவது படிக்கிது. இன்னும் ரெண்டு வருசத்துல பெர்மனன்ட் பண்ணுவாங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

பதினோரு வருஷமாக அந்த இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. பார்வதி அவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் போன பிறகு, நான் கேட்காமலேயே பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "கொண்டுபோய்க் காட்டுங்க. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்," என்றாள்.

மூன்றாவது அமர்வு மே மாதம் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. போனில் ஐந்து அலாரம் வைத்தேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். பத்தரைக்கே போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. குழு வரவில்லை. அமர்வு இருப்பதைக் குழு மறந்துவிட்டது. மறு வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். மறுபடி ஐந்து அலாரம், மறுபடி உள்ளங்கை.

இந்தத் தடவை வந்தார்கள். கார்முகில் சுவர் ஓரமாக நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை. நான் எழுந்து, டோக்கனை மறந்தது நான்தான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் குறைபாடு உண்டு, இதோ டாக்டர் சான்றிதழ் என்றேன். அறையில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஸ்டெனோ பெண் எங்கள் பிளாக். காது மடல் வரைக்கும் எனக்குச் சூடாக இருந்தது. டீ வாங்க அனுப்பியதையும் சொல்லிவிட்டேன். கவன உரை நடந்த கூட்டத்துக்குத்தான் டீ என்றும் சொன்னேன்.

சண்முகசுந்தரம் துரைராஜைப் பார்த்தார். "டீ வந்துச்சா?"

"வந்துச்சு சார். போண்டாவும் வந்துச்சு."

"அப்ப அதுல கவனக்குறைவு இல்ல. நாம விசாரிக்கிறது டோக்கனை."

பிறகு சான்றிதழைப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் கனிந்துவிட்டது. வியாதிக்காரரைத் தண்டிப்பது மனிதாபிமானம் இல்லை என்றார். அடுத்த கவன வாரத்தில் என்னை மேடையேற்றி அறிமுகப்படுத்தலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். நான் கார்முகிலைப் பார்த்தேன். அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு இந்த வியாதி இருக்கா?" என்று அவரிடம் கேட்டார் தலைவர்.

"இல்லீங்க சார்."

"மறதி, கவனச் சிதறல், எதுவும் கிடையாது?"

"கெடயாதுங்க சார். ஆயிரத்து எண்ணூறு நம்பரும் மனப்பாடமுங்க." இதைச் சொல்லும்போது கார்முகில் நெஞ்சை நிமிர்த்தினார். பதினோரு வருஷத்தில் ஒரு பெரிய அதிகாரி அவருடைய வேலையைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

தலைவர் ஸ்டெனோ பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. முழுக் கவனம் உள்ள ஒரு ஆள், கவனமே இல்லாத ஒருத்தரை டோக்கன் வாங்காம வெளிய விட்டிருக்கான். இதுக்கு மன்னிப்பு கிடையாது."

அவரைக் காப்பாற்றக் கொண்டுபோன காகிதமே அவர் கழுத்தைச் சுற்றிவிட்டது. நான் எழுந்து ஏதேதோ பேசினேன். தப்பு என்னுடையது, அவரை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டேன். மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடும்படி தலைவர் அன்பாகச் சொன்னார்.

உத்தரவு எப்போது சார் என்று துரைராஜ் கேட்டார். அங்கேதான் விதி குறுக்கே வந்தது. சம்பவம் முடிந்தால்தான் ஃபைலை மூட முடியும். ஃபைலை மூடினால்தான் தண்டனை. 1174 வெளியே வந்தால்தான் சம்பவம் முடியும். ஆகவே டோக்கன் வேண்டும். அதுவரை சம்பந்தப்பட்ட ஆட்களை இடம் மாற்றக் கூடாது, கான்ட்ராக்டர் மாறினாலும் அந்த ஆள் அதே ஜன்னலில்தான் இருக்க வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டிப் படித்தார் சண்முகசுந்தரம். "தேடிக் கொண்டுவாங்க மிஸ்டர் சிவராமன். ஒரு பித்தளைத் துண்டு. கொஞ்சம் கவனமாத் தேடினா கிடைச்சிடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொய்யா மரத்தடியில் ஹரிணி தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சில்லை எறிந்தாள். அது மண்ணில் விழவும் பளிச்சென்றது. குனிந்து எடுத்தேன். ஆயிரத்து நூற்று எழுபத்து நாலு. ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்ததாம். அன்றைக்கு அப்பா சட்டையிலிருந்து எடுத்ததை மறந்தே போய்விட்டாளாம். கார்முகில் மாமா அவ்வளவு தேடினாரே என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்து, எப்படிச் செய்தோம் என்று தெரியாமல் அழும் அந்த அழுகை எனக்கு நன்றாகத் தெரியும். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, நானும்தான் மறந்தேன் என்றேன்.

மறுநாள் காலை டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நிஜமாகவே கொடுத்துவிடும் எண்ணம்தான். கொடுப்பதுதான் ஒழுங்கு, முப்பத்தெட்டு வருஷமாக எல்லாரும் எனக்குச் சொல்லிவந்தது அதுதான். ஜன்னலில் கார்முகில் தகர டோக்கனை நீட்டினார்.

"கெடச்சுதா சார்?"

என் கை பைக்குள் இருந்தது. விரலில் பித்தளை பட்டது. அவருக்குப் பின்னால் பலகையில் ஒரு கொக்கி காலியாக இருந்தது. அது நிறைந்தால் இந்த ஜன்னல் காலியாகிவிடும்.

"இல்ல கார்முகில். எங்க வெச்சேன்னே தெரியல."

"பரவால்ல சார். உங்களுக்கு வர்றதுதான அது. வூட்ல இன்னொரு தடவ பாருங்க."

அவர் கண்ணில் இருந்தது இரக்கம். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இரண்டு கான்ட்ராக்டர் மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஆட்களை அனுப்பினார்கள். கார்முகிலை மட்டும் அனுப்ப முடியவில்லை, விசாரணையில் இருப்பவர் என்பதால். அவர் பெண் எழில்மதி டிப்ளமா முடித்துவிட்டாள். அவர் இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. இன்னும் இரண்டு வருஷம் என்கிறார்.

இதை நான் அவருக்குச் செய்த உதவி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் மறதி அவருடைய வேலையைக் கெடுத்தது, என் பொய் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நேருக்கு நேர் உண்மையைச் சொல்லிவிட அவரிடம் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், வேலை போகும் என்று தெரிந்தும் அவர் அந்த டோக்கனைக் கையில் வாங்கிக் கொக்கியில் மாட்டிவிடுவார். அவ்வளவு ஒழுங்கான ஆள்.

சண்முகசுந்தரம் ரிட்டயர் ஆகிப் புதியவர் வந்தார். வருஷா வருஷம் கவன வாரத்தில் என்னை மேடையேற்றுகிறார்கள். பின்னால் திரையில் என் போட்டோ, அடியில் 'இவரைப்போல் இருக்காதீர்கள்' என்று எழுதியிருக்கும். இந்த வருஷமும் புதியவர் மைக்கில், இன்னுமா டோக்கன் கிடைக்கவில்லை என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஹரிணியின் வகுப்புத் தோழிகள் இருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு உண்மை தெரியும், ஆனாலும் குனிந்துகொண்டாள்.

"தேடிக்கிட்டிருக்கேன் சார்," என்றேன்.

கதவுப் பட்டியலில் பார்வதி கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறாள். வருகிறவர்களுக்கு விளங்காதபடி 'அது வேண்டாம்' என்று மட்டும். சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் அது இருக்கிறது. நேற்று நான் டப்பாவை மறந்தேன், முந்தாநாள் மாத்திரையை மறந்தேன், போன வாரம் வண்டியைப் பஜாரில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். ஆனால் தினமும் காலையில் ஐந்தேகாலுக்குச் சிமிழை நகர்த்தி, அது அங்கேயே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். இந்த ஐந்து வருஷத்தில் அதை ஒருநாளும் மறந்ததில்லை.